கேம்பல் ரிவரில் துடுப்புப் படகு சால்மன்: கட்டுமரம் ஓட்டிய அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கடியபட்டணத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வழக்கமாக டீசல் மானியமும் வலை விலையும்தான் ஓடும், இது வேறு விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி கல்யாணமாகி கனடாவில் வான்கூவர் தீவில் இருக்கிறாள், ஊர் பெயர் கோர்ட்னி. ஆகஸ்ட்டில் நானும் அப்பாவும் போகிறோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் விடியக்காலம் எழுந்து கடற்கரைக்குப் போய் கடல் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்காமல் காப்பி குடிக்க மாட்டார். சின்ன வயசில் கட்டுமரம், பிறகு வள்ளம், கடைசியில் என்ஜின் வைத்த ஃபைபர் வள்ளம். தூண்டில்தான் அவர் தொழில், வலை மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. நெய்மீன், பாரை, கலவா, சீசனில் கணவாய் என்று போனவர். முழங்கால் வலி வந்த பிறகு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். நிறுத்திவிட்டோம் என்றால் நாங்கள் நிறுத்தினோம், அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

தங்கச்சி வீட்டு மச்சான் போனில் ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் கேம்பல் ரிவர் என்று ஒரு ஊர், அங்கே டையீ க்ளப் என்று பழைய மீன்பிடி சங்கம், ஆற்று வாயில் துடுப்புப் படகில்தான் மீன் பிடிக்க வேண்டுமாம், 30 பவுண்டுக்கு மேல் சால்மன் பிடித்தால்தான் சங்கத்தில் உறுப்பினர் ஆக முடியுமாம், பணம் கட்டிச் சேர முடியாதாம். இதை அப்பாவிடம் சொன்னது நான்தான், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. "என்ஜின் இல்லாமலா? நெசமாவா?" என்று காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கேட்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து சும்மா பார்க்க வந்தவனை அந்த இடத்தில் தூண்டில் போட விடுவார்களா, அப்பா துடுப்புப் போட நான் தூண்டில் பிடித்தால் சரியா, இல்லை அவர் தூண்டில் பிடித்து நான் துடுப்புப் போட்டால் மானம் போகுமா (எனக்கு மணக்குடி காயலில் வள்ளம் தள்ளிய அனுபவம்தான், ஐ.டி. வேலை பார்க்கிறேன், கை பஞ்சு), அப்புறம் ரொம்பச் செலவாகுமா. அங்கே இருக்கிறவர்கள், போனவர்கள் யாராவது சொன்னால் புண்ணியம்.

தூத்தூர்க்காரன்:

தம்பி, 30 பவுண்டு என்றால் பதிமூணரை கிலோ. எங்கள் ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் கேரைக்கும் (சூரை மீன்) லட்சத்தீவு தாண்டிப் போய் வாரக்கணக்கில் கிடந்து வருகிறவர்கள். பதிமூணரை கிலோ கேரை வந்தால் ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த தூண்டிலைப் பார்ப்பார்கள், யாரும் சங்கம் வைத்து மெடல் குத்த மாட்டார்கள்.

எனக்கு இதில் கோபம் எல்லாம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் ஆட்கள் துடுப்பை விட்டு என்ஜினுக்குப் போனது சொகுசுக்காகவா? காற்று திரும்பினால் கரைக்கு வர முடியாமல் எத்தனை பேர் போனார்கள். ஒக்கிப் புயலில் என்ஜின் இருந்தும் போனார்கள், அது வேறு கதை. என்ஜின் வைத்திருக்கிறவன் அதை மடக்கி வைத்துவிட்டு வேண்டுமென்றே துடுப்புப் போடுகிறான் என்றால், அவனுக்கு அன்றைக்கு மீன் கிடைக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்று அர்த்தம். அதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கருங்கல் அக்கா:

தம்பி, நான் கேம்பல் ரிவரில்தான் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கிறவரின் வீட்டுக்காரர் இந்த டையீ பைத்தியம், அவர் படகில் பின் பலகையில் உட்கார்ந்து நானும் தூண்டில் பிடித்திருக்கிறேன், மீன் ஒன்றும் மாட்டவில்லை. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் இடம். கேம்பல் ஆறு கடலில் சேரும் வாயில் ஒரு மணல் திட்டு நாக்கு மாதிரி நீண்டிருக்கும், டையீ ஸ்பிட் என்பார்கள். க்ளப் வீடு அங்கேதான், சின்னதுதான், பெரிய மாளிகை என்று எதிர்பார்த்து வராதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் தண்ணீர்தான் டையீ பூல். எல்லை போட்ட இடம், அதற்குள் பிடித்த மீன்தான் கணக்கு. நம் ஊரில் வள்ளியாறு உங்கள் கடியபட்டணத்தில் கடலில் சேருகிற மாதிரிதான், ஆனால் இங்கே ஆற்றுத் தண்ணீர் வற்றாது.

பிடிக்கிற மீன் சினூக் சால்மன். பசிபிக் சால்மன் வகையில் பெரியது இதுதான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், சில வருடம் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பி வந்து அங்கேயே செத்துப்போகும். 30 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தால் அதை டையீ என்பார்கள். கோடைக் கடைசியில் இவை ஆற்று வாயில் வந்து கூடி நிற்கும், மழைக்கும் வெள்ளத்துக்கும் காத்துக்கொண்டு. சீசன் ஜூலை 15இல் தொடங்கி செப்டம்பர் 15 வரை. ஆகஸ்ட் என்றால் நல்ல நேரம்தான் வருகிறீர்கள்.

சங்கம் 1924இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே இந்த இடத்துக்குப் பெயர் இருந்தது. 1896இல் மஸ்கிரேவ் என்கிற அயர்லாந்துப் பிரபு ஒருவர் இங்கே வந்து 70 பவுண்டு சினூக் பிடித்து, அதை இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதியதில்தான் பணக்காரர்கள் கப்பலேறி வர ஆரம்பித்தார்கள். அப்போது அவர்களுக்குத் துடுப்புப் போட்டது, இடம் காட்டியது எல்லாம் எதிரில் குவாட்ரா தீவில் கேப் மட்ஜில் இருக்கிற வீ வாய் காய் மக்கள். புகைப்படத்தில் மீனோடு நிற்கிறவர் பெயர் இருக்கும், துடுப்புப் போட்டவர் பெயர் பாதிப் படத்தில் இருக்காது. இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். இப்போது க்ளப் பதிவில் பிடித்தவர் பெயரோடு துடுப்புக்காரர் பெயரும் போடுகிறார்கள்.

விதிக்கு வருகிறேன். கலிபோர்னியா பக்கம் கேட்டலினா தீவில் இருந்த டூனா க்ளப்பைப் பார்த்துத்தான் இவர்கள் விதி எழுதினார்கள், அந்தக் க்ளப் 1898இல் தொடங்கியது. விஷயம் இவ்வளவுதான்: தூண்டில் தண்ணீரில் இருக்கும்போது படகு துடுப்பால் மட்டும்தான் நகர வேண்டும். நரம்பு 20 பவுண்டு இழுவைக்கு மேல் தாங்கக்கூடாது. இரை போடக்கூடாது, செயற்கைத் தூண்டில்தான், அதில் ஒரே ஒரு கொக்கி, கொக்கியில் முள் கூடாது. கம்பு ஆறடியிலிருந்து ஒன்பதடிக்குள். மீன் மாட்டியவர் தானே இழுத்துப் படகோரம் கொண்டு வர வேண்டும், நடுவில் கம்பைக் கைமாற்றினால் கணக்கில் வராது.

உங்கள் கேள்வி: வெளிநாட்டுக்காரர் பிடிக்கலாம், தடை இல்லை. உறுப்பினராக இருந்துதான் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை, பிடித்தால்தானே உறுப்பினர். போனவுடன் க்ளப் வீட்டில் பேசி, பதிய வேண்டியதைப் பதிந்துவிட்டு இறங்குங்கள். அதற்கு முன்னால் மத்திய அரசின் மீன்துறையில் கடல் விளையாட்டு மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும், ஆன்லைனில் கிடைக்கும், சால்மனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதோடு சால்மன் ஸ்டாம்ப்பும் வாங்க வேண்டும். வெளிநாட்டாருக்குக் கட்டணம் கூடுதல். தூண்டில் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தனி உரிமம், அதனால் ஆள் மாறிப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எடுத்துவிடுங்கள். சினூக் விதி வருடத்துக்கு வருடம், பகுதிக்குப் பகுதி மாறும், சில சமயம் சீசன் நடுவிலேயே மாறும். கேம்பல் ரிவர் 13ஆம் பகுதியில் வரும், வருகிற வாரம் அதைத் திரும்பப் பாருங்கள். வைத்துக்கொள்கிற சினூக்கைப் பிடித்த உடனே உரிமத்தில் குறிக்க வேண்டும், கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. விற்கவே கூடாது.

துடுப்புப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை, என்ஜின் வைத்தால்தான் ஓட்டுநர் அட்டை கேட்பார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும், அது சட்டம். அப்பா உங்களுக்குத் துடுப்புப் போடலாம். வேறு யாருக்காவது காசு வாங்கிக்கொண்டு போட்டால் அது வேலை, பார்வையாளர் விசாவில் அது ஆகாது. கேட்பவர்கள் கேட்பார்கள், கவனம்.

கடியபட்டணத்தான்:

அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன், பெயர் போடாத துடுப்புக்காரர் விஷயத்தில் "ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் சரமாரியாகக் கேள்வி. அவர் கேட்டபடியே போடுகிறேன்.

நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம்? ஏற்றமா வற்றமா (கடல் நீர் ஏறும்போதா இறங்கும்போதா), எதில் மீன் கடிக்கும்? அந்த மீனுக்குப் பசி உண்டா? இரை இல்லாமல் எதற்குக் கடிக்கிறது? கட்டுமரத்தில் முட்டி போட்டு முன்னால் பார்த்துத்தான் துடுப்புப் போடுவேன், அங்கே எப்படி? 20 பவுண்டு நரம்பில் 30 பவுண்டு மீன் எப்படி நிற்கும்? கடைசியாக, படகு நிறைய நின்றால் நரம்பு சிக்காதா?

சிரிக்காதீர்கள், இதே வரிசையில்தான் கேட்டார்.

நாகர்கோவில் மீன்கடை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், யாரோ சால்மன் நம் கடலிலும் கிடைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக. கடையில் இந்தியன் சால்மன் என்று எழுதி விற்பது காலா மீன், வடக்கே ராவஸ் என்பார்கள். ருசியான மீன், நானும் விற்கிறேன், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் சொந்தம் கிடையாது. வெட்டினால் ஆரஞ்சு நிறமாக இருப்பது வெளிநாட்டிலிருந்து ஐஸில் வருவது, பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன். இவர்கள் பேசுவது வேறு மீன், வேறு கடல். அவ்வளவுதான், நீங்கள் நடத்துங்கள்.

முட்டம் பாறை:

அப்பாவின் கேள்விக்கு நான் வருகிறேன். கப்பல் வேலையில் வான்கூவரில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவன், ஆகஸ்ட் வந்தால் ஃபெர்ரி பிடித்து அந்தப் பக்கம் போய்விடுவேன். பெரியவர் கேட்ட வரிசை சரியானது, முதலில் நீவாடுதான்.

கேம்பல் ரிவருக்கு முன்னால் இருக்கும் கடல் டிஸ்கவரி பாஸேஜ் என்கிற ஒடுக்கமான கால்வாய் மாதிரியான இடம். இதில் ஏற்றம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், வற்றம் தெற்கிலிருந்து வடக்கே. வான்கூவர் தீவின் இரண்டு முனையிலிருந்தும் ஏற்றம் உள்ளே வரும், கேப் மட்ஜுக்குத் தெற்கே அந்த இரண்டும் சந்திக்கும். நம் கன்னியாகுமரிக் கரையில் ஏற்ற வற்றத்துக்கு ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது, இங்கே நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். கொஞ்சம் வடக்கே சீமோர் நேரோஸ் என்கிற இடத்தில் ஓட்டம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வரை போகும், அங்கே தண்ணீருக்குள் ஒரு இரட்டைப் பாறை எத்தனையோ கப்பலை உடைத்ததால், அடியில் சுரங்கம் குடைந்து வெடி வைத்து 1958 ஏப்ரல் 5இல் தகர்த்தார்கள். ஆற்று வாய்க்குள் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் பூலின் வெளிவிளிம்பில் அந்த ஓட்டத்தின் பக்கம் போனால் கை உணரும். பெரியவருக்கு இது மணி நேரத்தில் பிடிபட்டுவிடும், உங்களுக்குத்தான் பிடிபடாது. ஏற்றம் வற்றம் மாறுகிற நேரம் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வந்தால் படகு எல்லாம் இறங்கிவிடும். நடுப்பகலில் போய் வெயிலில் நிற்க வேண்டாம்.

பசி: இல்லை என்றே சொல்லலாம். ஆற்றுக்குள் ஏறத் தயாராகும் சினூக் சாப்பாட்டைக் குறைத்துவிடும், உடம்பில் இருக்கும் கொழுப்பை வைத்துத்தான் ஏறும். அதனால்தான் இரை போட்டு ஏமாற்றுவதைவிட, அதன் மூக்குக்கு முன்னால் ஒரு பொருள் ஆடிக்கொண்டே போய் எரிச்சலைக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் ஸ்பூன், அதாவது வளைந்த தகடு, அப்புறம் ப்ளக் என்கிற மரத்தில் செய்த மீன் உரு. நம் ஆட்கள் நெய்மீனுக்கும் பாரைக்கும் மின்னுகிற நூல் கட்டி இழுப்பதும் கண்ணை இழுக்கத்தான், ஆனால் அங்கே மீன் தின்ன வருகிறது, இங்கே அடிக்க வருகிறது.

இங்கேதான் துடுப்பின் வேலை. கம்பு நுனியைப் பார்த்தீர்கள் என்றால் தகடு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது தலையாட்டும். துடுப்புக்காரர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவர் கண் முழு நேரமும் அந்த நுனியில்தான். தலையாட்டல் மந்தமானால் ஒரு இழுப்பு கூட்ட வேண்டும், துடித்தால் குறைக்க வேண்டும், நீரோட்டம் முன்னால் தள்ளினால் பின்னுக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் பாசியோ ஒரு இலையோ கொக்கியில் மாட்டினாலும் நுனியின் ஆட்டம் மாறும், நல்ல துடுப்புக்காரர் உடனே "எடுத்துப் பாரு" என்பார். கம்பு பிடித்திருக்கிறவர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார், சொல்லப்போனால் மீன் பிடிப்பது துடுப்புக்காரர்தான். என்ஜின் இந்த வேலையைச் செய்யாது, எவ்வளவு குறைத்தாலும் அது ஒரே வேகத்தில் இழுக்கும். விதி கௌரவத்துக்கு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. துடுப்பு இல்லாவிட்டால் அந்த இடத்தில் இந்த மீனை இப்படிப் பிடிக்க முடியாது, அப்புறம் அத்தனை படகும் என்ஜினோடு அந்தச் சின்ன இடத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உட்காரும் விதம்: பலகையில் உட்கார்ந்து, பின்னால் பார்த்து, இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு, மார்பை நோக்கி இழுப்பது. முட்டி போட வேண்டியதில்லை, அதனால் அப்பாவின் முழங்காலுக்கு இது கட்டுமரத்தைவிட நல்லது. போகிற திசை முதுகுக்குப் பின்னால் இருக்கும், அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும், முதல் நாள் கழுத்துதான் வலிக்கும். ஆனால் அவருக்குக் கணியம் பார்த்துத்தானே பழக்கம், கரையில் இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு முதுகுப்பக்கம் போவது அவருக்கு நம்மைவிடச் சுலபமாக வரும்.

20 பவுண்டு நரம்பு: பெரியவருக்குக் கைத்தூண்டிலில் கேரையும் பாரையும் இழுத்த பழக்கம் இருக்கும்போது இதை நான் சொல்லிக் கொடுப்பதற்கில்லை. மீன் ஓடும்போது விட வேண்டும், நிற்கும்போது எடுக்க வேண்டும். ரீல் விடுவதோடு படகையும் மீன் பின்னால் விட வேண்டும், அதுதான் துடுப்பின் இரண்டாவது வேலை. வெளி ஓட்டத்துக்குப் போய்விட்டால் மீனும் படகும் சேர்ந்து ரொம்பத் தூரம் போய்விடும். முள்ளில்லாத கொக்கி என்பதால் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் போச்சு.

சிக்கல்: சிக்கும். ஆனால் ஒரு படகில் மீன் மாட்டிவிட்டது என்று தெரிந்தால் பக்கத்துப் படகுகள் தங்கள் நரம்பைச் சுருட்டி வழி விட்டுவிடும். விடாதவனை அடுத்த நாள் யாரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

தூத்தூர்க்காரன்:

முட்டம் அண்ணே, நுனி தலையாட்டுவது பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சரி, இது வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. அந்த மீன் இன்னும் நிறைய இருக்கிறதா? இல்லை, பழைய பெயரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்களா? இங்கே குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் மீன்திட்டை நம்பித்தான் எத்தனை ஊர், அங்கேயே முன்பு மாதிரி கலவா இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சங்கம் வைத்தவர்கள் மீனைக் காப்பாற்ற ஏதாவது செய்கிறார்களா, வெறும் மெடல்தானா?

கருங்கல் அக்கா:

அண்ணே, நல்ல கேள்வி. முன்பு மாதிரி இல்லை, அதை இங்கே யாரும் மறைப்பதில்லை. 1968இல் 71 பவுண்டு சொச்சம் ஒரு மீன் வந்தது, க்ளப்பின் சாதனை இன்னும் அதுதான். மீனின் எடையைப் பார்த்துச் சட்டையில் குத்தப் பொத்தான் தருவார்கள்: வெண்கலம் முப்பது பவுண்டுக்கு, வெள்ளி நாற்பதுக்கு, தங்கம் ஐம்பதுக்கு, அறுபதைத் தாண்டினால் வைரம். இப்போது வருவதில் பெரும்பாலும் முப்பதுகளில்தான்.

ஆற்றில் ஜான் ஹார்ட் அணை கட்டி 1947இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அணைக்குக் கீழே புதுச் சரளைக்கல் அடித்து வருவது நின்றுபோனது. இந்த மீன் சரளையைக் குழி பறித்துத்தான் முட்டையிடும், மணலிலும் பாறையிலும் இடாது. பிறகு சரளையை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள், கிளை ஆறான குவின்சாமில் 1970களிலிருந்து குஞ்சு பொரிக்கும் நிலையம் இருக்கிறது. நான் ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன், தொட்டியில் விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் நீர் வரும் பக்கம் தலையை வைத்து வரிசையாக நின்றன. அதுவெல்லாம் அரசும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்வது. க்ளப்பில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், நீளமும் சுற்றளவும் அளந்து எடை கணக்கிட்டு விடுகிறார்கள். நம் ஊரில் அளந்துவிட்டுக் கடலில் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது, தெரியும்.

மெடல் மட்டும் இல்லை, மணியும் உண்டு. டையீ வந்து எடை போட்டதும் க்ளப் வீட்டில் மணி அடிப்பார்கள், அந்தி நேரத்தில் ஸ்பிட்டில் காரை நிறுத்திவிட்டு ஜனங்கள் காத்திருப்பதே அதற்குத்தான். கரையில் நாற்காலி போட்டு ப்ளாஸ்கில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பாதிப்பேர் பழைய துடுப்புக்காரர்கள்தான். உங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, கையைக் காட்டினால் போதும், எங்கள் அப்பா வந்தபோது அப்படித்தான் நடந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தம்பிக்கு இன்னொன்று. செலவு பற்றிக் கேட்டீர்கள். வழிகாட்டியோடு படகு பிடித்தால் நல்ல செலவு, அதை மச்சானிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். என் யோசனை: முதல் அந்தி வழிகாட்டியோடு போங்கள், அப்பா பின் பலகையில் உட்கார்ந்து கம்பைப் பிடிக்கட்டும், துடுப்புப் போடுகிறவரைப் பார்க்கட்டும். பிறகு யாரிடமாவது படகு கேட்டு அப்பாவும் நீங்களுமாக இறங்குங்கள், நான் வேலை பார்க்கும் இடத்தில் கேட்டு வைக்கிறேன். தண்ணீர் ஆகஸ்ட்டிலும் பத்து டிகிரி அளவில்தான் இருக்கும், நம் கடல் மாதிரி விழுந்து நீந்தி ஏறிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துவிடக்கூடாது, லைஃப் ஜாக்கெட்டைக் காலுக்கடியில் போட்டு வைக்காமல் மாட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கம்பளித் தொப்பி, காற்றுப் புகாத சட்டை. செருப்போடு வராதீர்கள். படகு ஏறவே முடியாத நாளில் ஊருக்குள் டிஸ்கவரி பியர் இருக்கிறது, அந்தப் பாலத்தில் நின்றே சால்மனுக்குத் தூண்டில் போடலாம், அதற்கும் அதே உரிமம்தான்.

கடியபட்டணத்தான்:

அக்கா, அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி. லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் அப்பாவோடு ஒரு சண்டை முடிந்துவிட்டது, மாட்டிக்கொள்வாராம், ஆனால் போட்டோவில் வரக்கூடாதாம்.

முட்டம் அண்ணே, நீங்கள் எழுதியதைக் கேட்டுவிட்டு நேற்றுச் சாயங்காலம் மணக்குடி காயலில் தெரிந்தவர் வள்ளத்தை வாங்கி, இரண்டு துடுப்பையும் கயிற்றால் ஓரத்தில் கட்டி, பின்னால் பார்த்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார். பாலத்தில் நின்ற பையன்கள் "தாத்தா, திரும்பி உட்காருங்க, வள்ளம் தப்பாப் போகுது" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கரையேறி வந்து சொன்னது ஒன்றுதான்: "கம்பு பிடிக்கிறது நீ." முடிவாகிவிட்டது போல. நான் இப்போது ரீல் விடுவது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்ற வற்ற நேரம் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கு எங்கே பார்ப்பது? அதைப் பார்த்துத்தான் தங்கச்சி வீட்டிலிருந்து கிளம்பும் நாளை வைக்க வேண்டும் என்கிறார்.

முட்டம் பாறை:

கனடா அரசின் நீர்வரைவுத் துறை வெளியிடுகிறது, கேம்பல் ரிவர் என்றே தனி அட்டவணை இருக்கும். அச்சுப் புத்தகத்தில் பார்த்தால் கோடை நேரம் சேர்க்காமல் இருக்கும், ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பெரியவரிடம் சொல்லுங்கள், நீர் மட்டம் நின்றுவிட்டது என்பதால் ஓட்டமும் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அந்தப் பக்கம் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பாது, ஓட்டத்துக்குத் தனி அட்டவணை, சீமோர் நேரோஸ் பெயரில் இருக்கும். இரண்டையும் பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.